குடும்பத்தை லண்டனுக்கு அழைத்துக்கொள்ளப் போகும் தம்பிமார்களுக்கு



மனைவியின் பாஸ்போர்ட், நிக்காஹ் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து விசா விண்ணப்பத்தில் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். சிலர் அந்தக் கட்டத்தைத் தாண்டி, இல்ஃபோர்டில் வீடு எடுப்பதா ஈஸ்ட் ஹாமில் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வாடகை எவ்வளவு, நல்ல பள்ளிக்கூடம் எது, ஹலால் கறிக்கடை நடக்கிற தூரத்தில் இருக்கிறதா, பள்ளிவாசல் பக்கமா என்றெல்லாம் ஃபோன் செய்து கேட்கிறீர்கள். உங்கள் லாத்தாவாக, அக்காவாக, தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தொடங்கினால் “சரி லாத்தா, பார்த்துக்கிறேன்” என்று ஃபோனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஏற்கெனவே அழைத்து வந்துவிட்டவர்களுக்கும் சேர்த்து.

2024 முதல் குடும்பத்தை அழைக்கும் கதவு குறுகிவிட்டது. படிக்க வருகிறவர்களில் ஆராய்ச்சி மாணவர்களைத் தவிரப் பெரும்பாலானவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. கேர் ஒர்க்கர் விசாவில் புதிதாக வந்தவர்களுக்கும் அந்த ஆண்டு மார்ச் 11 முதல் வழியில்லை. ஆகவே இன்று குடும்பத்தை அழைக்கும் நிலையில் இருக்கும் நீங்கள் நல்ல வேலையில், நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள். படித்தவர்கள். மனைவியை அன்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர்கள். அடிக்கிறவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் நான் எழுதவில்லை. அவர்களுக்கு எழுத இந்த நாட்டில் போலீஸ் இருக்கிறது. நல்லவர்கள் செய்வதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

நம் ஊர் வழக்கத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் இதே வழக்கம் உண்டு. வீடு பெண்மக்களுக்குத்தான். அந்த வீட்டில் நீங்கள் மாப்பிள்ளை. நீங்கள் படியேறும் சத்தம் கேட்டால் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து உள்ளே போவார். சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு உங்கள் பக்கம் வரும். எவ்வளவு உபசாரம் நடந்தாலும் வீட்டுக்காரி உங்கள் மனைவிதான். பிள்ளை அழுதால் தூக்க உம்மா, உம்மும்மா, சாச்சி, லாத்தா, தங்கச்சி என்று நாலு கை இருக்கும். உங்கள் மேல் கோபம் வந்தால் போய் உட்கார உம்மாவின் அறை இருக்கும். வீட்டுக்கு வீடு போக முடுக்கு இருக்கும். தெருவில் கால் வைக்காமலே சொந்தக்காரர் வீடு முழுக்கப் போய் வந்துவிடலாம். ரமலானில் தராவீஹ் தொழப் பெண்களுக்கென்றே தைக்கா இருக்கும். அவள் பிறந்ததிலிருந்து தனியாக ஒரு ராத்திரி படுத்திருக்க மாட்டாள்.

இந்த வழக்கத்தைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. லாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் வீடு கட்டியே ஆகவேண்டும் என்பதற்காகப் படிப்பை விட்டுவிட்டு ஹாங்காங்குக்கும் சவூதிக்கும் கிளம்பிப்போன காக்காமார்களை எனக்குத் தெரியும். தலை நரைத்த பிறகும் தனக்கென்று ஒரு சல்லிக்காசு சேர்க்காதவர்கள் அதில் உண்டு. அந்த வழக்கு வேறு. ஆனால் நம் பெண்கள் நிமிர்ந்து நடக்கக் காரணமாக இருந்தது அந்த வீடுதான் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஹீத்ரோவில் இறங்கும் நாளில் இது தலைகீழாகிறது. கல்யாணமாகி முதன்முறையாக அவள் உங்கள் வீட்டுக்கு வருகிறாள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில். கேஸ், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் உங்கள் பெயரில். சம்பளம் விழும் வங்கிக் கணக்கு உங்களுடையது. அவள் விசா உங்கள் வேலையைப் பிடித்துத் தொங்குகிறது. உங்கள் கம்பெனி உங்களை நிறுத்தி, வேறு வேலையும் கிடைக்காவிட்டால் அவளும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் வீட்டுக்காரியாக இருந்தவள் இங்கே உங்கள் விண்ணப்பத்தின் பின்னிணைப்பு. இப்படி ஆக்கியது நீங்கள் இல்லை, இந்த நாட்டுச் சட்டம் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் சட்டம் கேட்காத இடத்திலும் நீங்கள் அவளைப் பின்னிணைப்பாகவே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் குறை.

இ-விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பிஆர்பி என்று கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். 2024 முடிவோடு அந்த அட்டைகள் காலாவதியாகி, எல்லாம் ஆன்லைன் கணக்காகிவிட்டது. உள்ளே நுழைய ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு ஃபோன் எண்ணும் வேண்டும். ஒவ்வொரு முறையும் குறியீடு அவற்றில் ஒன்றுக்குத்தான் வரும். வேலைக்குச் சேர, வீடு வாடகைக்கு எடுக்க, விசா நிலையைக் காட்டும் ஷேர் கோடு எடுப்பதும் அந்தக் கணக்கிலிருந்துதான். உங்களில் எத்தனை பேர் மனைவியின் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் ஃபோன் எண்ணில் திறந்திருக்கிறீர்கள்? “அவளுக்கு இதெல்லாம் தெரியாது லாத்தா, ஈஸியா இருக்கட்டுமேன்னுதான்.” யாருக்கு ஈஸி? இந்த நாட்டில் தான் சட்டப்படி இருக்கிறாள் என்பதைக் காட்ட அவளுக்கு உங்கள் ஃபோன் வேண்டும். நீங்கள் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தால், அல்லது, அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவள் யாரிடம் குறியீடு கேட்பாள்?

டாக்டரிடம் பதிவு செய்வதிலும் இதே கதை. 2024 பிப்ரவரியிலிருந்து மருத்துவக் கூடுதல் கட்டணம் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே 776. மூன்று வருட விசா என்றால் மனைவிக்கு 3,105, ஒரு பிள்ளைக்கு 2,328 என்று மொத்தமாக முன்கூட்டியே கட்டியிருக்கிறீர்கள். கட்டிய கையோடு ரசீதை அனுப்பி “பாருங்க லாத்தா, கொள்ளை” என்று என்னிடம் புலம்பியவர்களும் உண்டு. அவ்வளவு கட்டிவிட்டு, அவளை ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்ய மாதக்கணக்கில் நேரமில்லை என்கிறீர்கள். பதிவு செய்த பிறகும் அவள் சார்பில் நீங்களே பேசுகிறீர்கள்.

இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். வெள்ளைக்கார டாக்டர் அவளிடம் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். மாதவிலக்கு சரியாக வருகிறதா என்ற கேள்விக்கும் நீங்களே “யெஸ், யெஸ், நார்மல்” என்கிறீர்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதமாக நிற்காத உதிரப்போக்கைப் பற்றிச் சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். என்எச்எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே “தமிழ்” என்று கேட்டால் ஃபோனிலாவது ஒருவரை இணைப்பார்கள். பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். புருஷனோ பிள்ளையோ மொழிபெயர்க்கக் கூடாது என்றுதான் அவர்களே விரும்புகிறார்கள். நீங்கள் வெளியே வராந்தாவில் உட்காருங்கள். அவள் கூப்பிட்டால் உள்ளே போங்கள்.

பகல்கள் எப்படிப் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வீட்டில் இருப்பதில்லை. நான் சொல்கிறேன். நீங்கள் காலையில் கிளம்பியதும் அவள் ஃபோனை அடுப்புக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து ஊருக்கு வீடியோ கால் போடுகிறாள். அங்கே உம்மா மீன் அரிகிறார், இங்கே இவள் வெங்காயம் அரிகிறாள். இருவரும் பேசுவது கூட இல்லை, சும்மா ஓடிக்கொண்டிருக்கும். தங்கச்சி குறுக்கே போகிறாள், பூனை வருகிறது, பாங்கு கேட்கிறது. குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை ஐந்து மணி ஆகும்போது அங்கே பத்தரை. உம்மா தூங்கப் போய்விடுவார். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். உங்கள் ரயில் ஏழு மணிக்கு மேல்தான். ஃபோன் அணைந்ததிலிருந்து நீங்கள் கதவைத் திறக்கும் வரை உள்ள அந்த நேரத்தில்தான் நம் பெண்கள் உடைகிறார்கள். நீங்கள் வந்ததும் எதற்கென்றே தெரியாமல் சண்டை போடுகிறாள் என்று என்னிடம் குறைப்படுகிறீர்களே, அவள் அன்று பேசும் முதல் ஆள் நீங்கள்தான்.

அதனால் ஒரு சின்ன யோசனை. கையில் இருந்தால் டிக்கெட்டை நவம்பரில் போடாதீர்கள். ஏப்ரலில் அழையுங்கள். மரமெல்லாம் துளிர்க்கும் நேரத்தில், பூங்காவில் நாலு தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வந்து பழகியவளுக்கு முதல் குளிர்காலம் இவ்வளவு கொடுமையாக இருக்காது.

முதல் பிரசவம் இங்கே என்றால் இன்னொன்று. ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் என்பது ராணி மாதிரி. வெந்நீர் ஊற்றிவிட ஒருவர், லேகியம் கிண்ட ஒருவர், ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள உம்மும்மா. இங்கே சுகப்பிரசவம் என்றால் மறுநாளே, சில சமயம் அன்றைக்கே, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தையலோடு ஏறி வருகிறாள். மாமிக்கு விசிட்டர் விசா எடுத்தால் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். அதைக் குழந்தை பிறந்த பிறகு யோசிக்காதீர்கள், மாமியின் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். தகப்பனுக்கு இரண்டு வார விடுப்பு உண்டு. சம்பளம் குறைகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தாயையும் பிள்ளையையும் பார்க்க ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வந்து, அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். எல்லா வீட்டிலும் கேட்பார்கள். எழுந்து டீ போடப் போங்கள், அந்த அம்மாவுக்கும் சேர்த்து.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மனைவியை அழைக்கும்போது மனதுக்குள் ஒரு பெரிய பொறுப்பையும் அவள் தலையில் ஏற்றிவிடுகிறீர்கள். பிள்ளைகள் தமிழ் மறக்கக் கூடாது, தீன் மறக்கக் கூடாது, நம் சாப்பாடு மறக்கக் கூடாது. மூன்றுக்கும் அவளே காவல். நீங்கள் வார நாளெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் டூனா சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்து, பிள்ளை சோறு தின்ன மாட்டேன் என்றால் “என்ன வளர்த்திருக்கிறாய்” என்று அவளைக் கேட்கிறீர்கள். அவள் இலங்கைத் தமிழர் கடையில் ரம்பை இலையும் உறையவைத்த தேங்காய்த் துருவலும் தேடி வாங்கி, நோன்புக் கஞ்சியை ஊர் ருசிக்குக் கொண்டுவரப் படும் பாடு உங்களுக்குத் தெரியாது. மிட்டாய் பாக்கெட்டின் பின்னால் ஜெலட்டின் இருக்கிறதா, ரொட்டியில் இருக்கும் ஈ471 எதிலிருந்து எடுத்தது என்று கண்ணாடி போட்டுப் படிக்கிறவளும் அவள்தான். இதற்கெல்லாம் ஆங்கிலம் வேண்டும். ஆங்கில வகுப்புக்குப் போகிறேன் என்றால் மட்டும், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

மதரஸாவிலிருந்து வருவது இன்னொரு வகைச் சோதனை. நாம் ஷாஃபி மத்ஹபு. கிழக்கு லண்டனில் பெரும்பாலான பள்ளிவாசல்கள் பாகிஸ்தானியர், பங்களாதேஷிகள் நடத்துவது, ஹனஃபி. இரண்டும் சரியான வழி என்பது நமக்குத் தெரியும், ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஒரு வீட்டில் என் கண் முன்னே நடந்தது. அதிகாலையில் உம்மா ஷாஃபி முறைப்படி சுபுஹில் குனூத் ஓதுவதைப் பார்த்திருந்த பையன், மாலையில் மதரஸா விட்டு வந்து பையைக் கழற்றும் முன்பே, “மம், யூ பிரே ராங்” என்றான். அந்தப் பெண் நம் ஊர்ப் பெண்கள் மதரஸாவில் ஏழு வருடம் ஓதியவள். பிள்ளைக்கு விளங்கும்படி விளக்க அவளிடம் ஆங்கிலம் இல்லை, அவனிடம் தமிழ் போதவில்லை. சிரித்துச் சமாளித்தாள். அன்று ராத்திரி அவள் புருஷன் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாலு இமாம்கள் யார், உம்மா யாரிடமிருந்து கற்றாள், உன் உஸ்தாத் யாரிடமிருந்து கற்றார் என்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். “மதரஸாவில் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்று டீவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிள்ளை முன்னால் உம்மாவின் தொழுகையே தப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வரும் எந்த மார்க்கச் சொல்லை அவன் மதிப்பான்?

பள்ளிக்கூடத்தைப் பற்றி வாட்ஸாப்பில் வரும் ஆடியோக்களைத் தயவுசெய்து அவளுக்கு அனுப்பாதீர்கள். 2020 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியிலேயே உறவுகள் பற்றிய பாடம் கட்டாயம். அதிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. ஆனால் ஆரம்பப் பள்ளி அதற்கு மேல் பாலியல் பாடம் நடத்தினால் விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. காலை வழிபாட்டிலிருந்தும் சமயக் கல்விப் பாடத்திலிருந்தும் விலக்கிக்கொள்ளவும் உண்டு. எதை எப்படி நடத்தப் போகிறோம் என்று பள்ளிக்கூடம் பெற்றோரைக் கலந்து பேச வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் யாரும் போவதில்லை, பிறகு ஆடியோவைக் கேட்டு நடுங்குகிறோம். இருவரும் போய் டீச்சரைப் பாருங்கள், அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுங்கள். பெரும்பாலும் பயந்த அளவுக்கு இருக்காது. பிடிக்காதது இருந்தால் முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொல்லலாம், கேட்பார்கள். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டு வருகிறவளாகவே அவளை வைத்திருந்தால் பன்னிரண்டு வயதில் பிள்ளை அவளை நம்பாது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் நடந்த தாக்குதலில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் முஸ்லிம் அகதி என்று ஒரு பொய் பரவி, மறுநாளே அந்த ஊர்ப் பள்ளிவாசலைத் தாக்கினார்கள்; பிறகு ரோதரம், ஹல், மிடில்ஸ்பரோ என்று கலவரம் பரவியது. அந்த வாரம் உங்களைப் போன்ற தம்பிமார்கள் எல்லோரும் மனைவிக்கு அனுப்பிய செய்தி ஒன்றுதான்: வெளியே போகாதே, கதவைப் பூட்டிக்கொள். கூடவே எரிகிற கட்டடங்களின் வீடியோக்கள். நீங்கள் ஆபீசில், அவள் பூட்டிய வீட்டில், கையில் அந்த வீடியோக்கள். ஆகஸ்ட் 7 அன்று நமக்குப் பக்கத்திலேயே வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கான பேர், வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் நம்மவர்களும், இனவெறிக்கு எதிராகத் தெருவில் நின்றார்கள். அந்த வீடியோவை மனைவிக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வயதான ஆங்கிலேய அம்மா கதவு கதவாகத் தட்டி, கடைக்குப் போக வேண்டுமென்றால் துணைக்கு வருகிறேன் என்று கேட்டார். அவரைத் தெரிந்து வைத்திருந்த பெண்கள் மறுநாளே பால் வாங்க வெளியே வந்தார்கள். தெரியாதவர்கள் திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை. பாதுகாப்பு என்றால் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு அவள் முகம் தெரிவது. பூட்டு அதைத் தராது.

வேலை. அவள் உங்கள் விசாவில் வந்திருந்தாலும் ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம், படிக்கலாம். நம் ஊர் வாவு வஜீஹா கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண்கள் இங்கே பிள்ளைகளின் ஹோம்வொர்க் நோட்டைக்கூடப் பயந்து பயந்து திறக்கிறார்கள். படிப்பை இந்த நாட்டுக்கு ஏற்ப மதிப்பிட்டுச் சான்று தர ஈனிக் என்ற அமைப்பு இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் துணை ஆசிரியர் வேலைக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பிள்ளைகளோடே போய்ப் பிள்ளைகளோடே வீடு திரும்பலாம். அவளிடம் இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தால் முதல் பன்னிரண்டு மாதம் இங்கே ஓட்டலாம். அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் இங்கத்திய தேர்வுக்குத் தயார்செய்யச் சொல்லுங்கள். வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

பணத்தில் நீங்கள் நம் மார்க்கத்தையே மறந்துவிடுகிறீர்கள். மஹர் பெண்ணுக்கு உரியது, அவள் சொத்து அவளுடையது, புருஷனுக்கு அதில் அதிகாரம் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறோம். மற்ற சமூகங்களில் நேற்றுவரை பெண்ணுக்குச் சொத்தில்லை, நமக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு என்று பெருமைப்படுகிறோம். கதீஜா நாயகி வியாபாரம் செய்தவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அப்படிப்பட்ட உம்மத்தின் பெண் ஒருத்தி இல்ஃபோர்ட் லேனில் பிள்ளைக்கு ஜூஸ் வாங்கப் புருஷனின் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள், ஃபோனில் செலவு விழுந்ததும் “எதுக்கு நாலு பவுண்டு” என்று மெசேஜ் வருகிறது. ஊருக்கு உம்மாவுக்கு ஒரு ஈதுப் பணம் அனுப்ப நினைத்தாலும் உங்களிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பெயரில் கணக்கு திறந்து, மாதம் இவ்வளவு என்று போட்டுவிட்டு, கேட்காமல் இருக்கப் பழகுங்கள்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை. இந்த நாட்டில் உங்கள் வேரைப் பிடித்துவைத்திருப்பது ஜும்ஆதான். வாரம் ஒருமுறை நாலு முஸ்லிம் முகத்தைப் பார்க்கிறீர்கள், ஊர்க்காரன் ஒருவனைச் சந்திக்கிறீர்கள், வேலை கேட்கிறீர்கள், வீடு விசாரிக்கிறீர்கள். அவளுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஊரில் தைக்கா இருந்தது, இங்கே அதுவும் போச்சு. பெண்களுக்கு இடமே ஒதுக்காத பள்ளிவாசல்கள் லண்டனில் இன்னும் இருக்கின்றன. ஒதுக்கிய இடங்களிலும் சில, பின்வாசலில் செருப்பு வைக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஒலிபெருக்கி வேலை செய்யாது. செய்தாலும் பயான் உருதுவில். இடம் இருக்கும் பள்ளிவாசல்களும் உண்டு. ஈஸ்ட் லண்டன் மசூதியில் 2013இல் பெண்களுக்கென்றே மர்யம் சென்டர் திறந்தார்கள். அது இருக்கும் வைட்சாப்பலுக்கு இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைனில் ஒரே ரயில். ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் அங்கே கூட்டிப்போகலாமே. அங்கே அவள் சந்திக்கும் வங்காளிப் பெண்ணுக்கும் சோமாலிப் பெண்ணுக்கும் தமிழ் தெரியாது, அதனாலேயே அரைகுறை ஆங்கிலத்தில் பேசிப் பேசி இவளுக்கும் வாய் திறக்கும். ஊர்ப் பெண்களிடம் சொல்ல முடியாததைக்கூடச் சில சமயம் அவர்களிடம் சொல்லிவிட முடிகிறது, காயல்பட்டினத்துக்குச் செய்தி போகாது பாருங்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அவள் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அவளுக்கென்று சொந்தமாக ஒரு ஃபோன் எண், ஒரு மின்னஞ்சல், வீட்டுச் சாவி, பஸ் அட்டை. விசாக் கணக்கை அந்த மின்னஞ்சலுக்கு மாற்றி, உள்ளே நுழையவும் ஷேர் கோடு எடுக்கவும் அவள் கையாலேயே செய்ய வையுங்கள். அடுத்த வாரம் ஜிபி பதிவு, வங்கிக் கணக்கு. பிறகு பக்கத்து நூலகத்துக்கு நீங்கள் ஒருமுறை கூட்டிப்போங்கள், அடுத்த முறை அவள் தனியாகப் போகட்டும். வழி தவறினால் தவறட்டும், யாரிடமாவது கேட்டு வீடு வந்து சேர்வாள். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது நாலு மணிக்கு வீட்டில் இருங்கள், பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள், அவள் ஆங்கில வகுப்புக்குப் போய் வரட்டும்.

பள்ளிவாசல் விஷயத்தில் மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது, அது முழுக்க உங்கள் பொறுப்பு. நீங்கள் தொழப்போகும் பள்ளிவாசல் பெரும்பாலும் பதிவு செய்த அறக்கட்டளையாக இருக்கும். பல இடங்களில் ஆண்டுப் பொதுக்குழு கூட்டுவார்கள், உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். பெண்களைப் பள்ளிவாசலிலிருந்து தடுக்கக் கூடாது என்ற நபிமொழியை உங்களைவிட அந்தக் கமிட்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அதை நினைவூட்ட வேண்டியதுகூட இல்லை. எழுந்து நின்று, என் மனைவி தொழ இடம் எங்கே என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வருடமும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சமாளித்து அனுப்புவார்கள். நம் ஊர்த் தம்பிமார்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அறை அளக்க ஆள் வரும்.

வஸ்ஸலாம்.

உங்கள் லாத்தா ஒருத்தி,
இல்ஃபோர்ட்